கார்த்திகையில் வெட்டினால் பங்குனியில் பூக்கும்
வீட்டுத் தோட்டத்தில் மல்லிகைப் பராமரிப்பு

மல்லிகைக்குப் பெயர் போனது மதுரை. தடித்த இதழ், உறுதியான காம்பு, நெடுநேரம் நிற்கும் மணம் ஆகிய குணங்களால் 'மதுரை மல்லி' 2013-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் வட்டாரங்களிலிருந்து நாள்தோறும் விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச் சந்தைக்கு மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்குகிறது. இதே குண்டுமல்லி இனம்தான் பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலர். சீனாவில் தேயிலைக்கு மணம் ஏற்றுவதும் இதே பூவைக் கொண்டுதான்.

இவ்வளவு பேர் பெற்ற ஊரில் இருந்தும், மார்கழி, தை மாதங்களில் ஒரு முழம் பூ வாங்க நம் தாய்மார்கள் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொங்கலையொட்டியும் முகூர்த்த நாள்களிலும் பூ விலை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறிவிடுகிறது. வீட்டைச் சுற்றி நான்கு சென்ட் இடம் இருந்தால் போதும். நாலைந்து மல்லிகைச் செடிகளும் உடன் வைக்க வேறு சில பூச்செடிகளும் சேர்ந்து, ஆண்டு முழுவதும் சாமி படத்துக்கும் தலைக்கும் வேண்டிய பூவைக் கொடுத்துவிடும். ஒரு முறை நட்ட மல்லிகை பத்து, பதினைந்து ஆண்டுகள் பலன் தரும்.

ஆனால் பல வீடுகளில் நாம் காண்பது என்ன? செடி புதராக மண்டிக் கிடக்கிறது. இலை பச்சையாகத்தான் இருக்கிறது. பூ மட்டும் இல்லை. 'ராசியில்லாத செடி' என்று சொல்லி அதைப் பிடுங்கி எறிபவர்களும் உண்டு. செடியில் குறையில்லை. பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். கவாத்துச் செய்யாதது ஒன்று. போதிய வெயில் இல்லாதது இரண்டு. மண்ணிலும் தண்ணீரிலும் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்திருப்பது மூன்று. இவற்றைச் சரிசெய்தால் நாலாண்டாகப் பூக்காத செடியும் பூக்கும்.

இடமும் மண்ணும்

மல்லிகைக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். சுற்றுச் சுவரின் நிழலிலும் முருங்கை, வேம்பு மரங்களின் அடியிலும் வைத்த செடி கொடி போல நீண்டு வளரும், மொட்டு வைக்காது. வீட்டின் கிழக்கு அல்லது தெற்குப் பக்கத்தில் வெட்ட வெளியான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி இடமில்லாதவர்கள் மொட்டை மாடியில் பெரிய தொட்டிகளில் வளர்க்கலாம்.

வடிகால் வசதியுள்ள செம்மண் மல்லிகைக்கு மிகவும் ஏற்றது. மேலூர்ப் பக்கம் செம்மண் கிடைக்கிறது. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் மண். அங்கே மழை நீர் தேங்கும். கரிசலில் நடுவோர் குழி மண்ணுடன் ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்து, செடி நிற்கும் இடத்தைச் சுற்றுத் தரையை விட அரை அடி மேடாக அமைப்பது அவசியம். நகரை ஒட்டிப் பழைய வயல்களிலும் தாழ்வான நிலங்களிலும் எழுந்துள்ள புதிய குடியிருப்புகளுக்கும் இதே முறைதான்.

புதிதாக வீடு கட்டியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டட வேலையின்போது கொட்டிய சிமெண்டுக் கலவையும் காரையும் செங்கல் துண்டுகளும் தோட்ட மண்ணுக்குள் புதைந்திருக்கும். இவை மண்ணின் காரத் தன்மையைக் கூட்டும். அங்கு நட்ட செடி எவ்வளவு உரமிட்டாலும் வெளிறியே நிற்கும். நடுமுன் இரண்டடி ஆழத்துக்குக் கிளறி, இடிபாடுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, வெளியிலிருந்து நல்ல செம்மண் கொண்டு வந்து நிரப்புவதே சரியான வழி. ஒருநாள் கூலி வேலைதான். பத்தாண்டுப் பலன் அதில் இருக்கிறது.

நடவு

ஆனி முதல் கார்த்திகை தொடக்கம் வரை, அதாவது ஜூன் முதல் நவம்பர் வரை நடலாம். மதுரை வட்டாரத்துக்கு வேண்டிய மல்லிகைக் கன்றுகள் நெடுங்காலமாக இராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்திலிருந்து வருகின்றன. அங்குள்ள மணற்பாங்கான மண்ணில் குச்சிகள் எளிதில் வேர் பிடிக்கின்றன. கன்று வாங்கும்போது அடித்தண்டு பென்சில் கனமும், வேர் பழுப்பு வெள்ளையாகவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேரில் முடிச்சு முடிச்சாகக் கண்டால் அது நூற்புழுத் தாக்கிய கன்று. அதை வாங்கக் கூடாது. வாங்கினால் தோட்டம் முழுவதும் அந்த நோயை விதைத்ததாக ஆகும்.

செடிக்குச் செடி நான்கு அடி இடைவெளி விட்டு, ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுக்க வேண்டும். குழியை இரண்டு வாரம் ஆறவிட்டுப் பிறகு 10 கிலோ மக்கிய தொழு எருவும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் மேல் மண்ணுடன் கலந்து நிரப்பவும். ஒரு குழிக்கு ஒரு கன்று போதும். மாலை வேளையில் நட்டு உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்றாம் நாள் மீண்டும் ஒரு தண்ணீர்.

தொட்டியில் வளர்ப்போர் ஒன்றரை அடி வாயகலமுள்ள தொட்டியைப் பயன்படுத்தவும். அடியில் துளைகளும் துளை மேல் ஓட்டுச் சில்லும் இருக்க வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு என்ற கலவை நல்லது. தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கவிட்டால் செடிக்கு வேரழுகலும், வீட்டுக்கு டெங்குக் கொசுவும் வந்து சேரும்.

கார்த்திகை: கவாத்து

மல்லிகை புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில்தான் பூக்கிறது. பழைய முற்றிய கிளையில் மொட்டு வராது. ஆகவே செடியைக் குறைத்து வெட்டிப் புதுத் துளிர் விடச் செய்தால்தான் பூ. கை வைக்காமல் விட்ட செடி ஆண்டுக்கு ஆண்டு மரம் போல முற்றி, நுனியில் மட்டும் நாலு பூ பூத்து நின்றுவிடும்.

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை நடுப்பகுதியில் கவாத்துச் செய்ய வேண்டும். தரையிலிருந்து 50 செ.மீ., ஏறத்தாழ முழங்கால் உயரத்துக்கு மேல் உள்ள கிளைகள் அனைத்தையும் வெட்டிவிட வேண்டும். காய்ந்த கிளை, நோய் கண்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, தரையில் படரும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்கவும். செடியின் நடுவில் வெளிச்சமும் காற்றும் புகுமாறு இருக்க வேண்டும்.

இங்கேதான் பலருக்குக் கை வருவதில்லை. பசுமையாக நிற்கும் செடியைப் பாதிக்கு மேல் வெட்டுவது பாவம் போலத் தோன்றும். 'நுனியைக் கிள்ளிவிட்டேன், போதாதா?' என்பார்கள். போதாது. நுனி கிள்ளினால் நுனியில்தான் துளிர்க்கும்; செடி உயர்ந்து கொண்டே போகும்; அடி வெறுங்கட்டையாகும். முழங்கால் உயரத்தில் வெட்டிய செடியோ அடியிலிருந்து பத்துப் பதினைந்து கிளைகளை விடும். அத்தனையும் பூக்கும் கிளைகள்.

மழை விட்டு வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துக் கூர்மையான கவாத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். மொண்டி அரிவாளால் வெட்டினால் கிளை பிளந்து நோய்க் கிருமிகள் புகும். பெரிய வெட்டுக் காயங்களில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தண்ணீரில் பசை போலக் குழைத்துத் தடவலாம். பெருங்கிளைகளை நோய்ச் செடியில் வெட்டிய பிறகு அதே கத்தரியைத் துடைக்காமல் நல்ல செடியில் வைக்கக் கூடாது.

கவாத்து முடிந்ததும் செடியைச் சுற்றி ஓரடி தள்ளி மண்ணைக் களைக்கொட்டால் கொத்தி, எரு வைத்து, மண் அணைத்துத் தண்ணீர் விட வேண்டும். முழு வளர்ச்சி பெற்ற குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு: தொழு எரு 10 கிலோ, தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம். கடைக் கணக்கில் சொன்னால் யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். இந்த உரங்களை இரண்டாகப் பிரித்து, பாதியைக் கவாத்து முடிந்தவுடனும் மறுபாதியை ஜூனிலும் இட வேண்டும். அதாவது ஒரு தடவைக்கு யூரியா 65, சூப்பர் 375, பொட்டாஷ் 100 கிராம். தொழு எரு முழுவதையும் கவாத்தின்போதே இட்டுவிடலாம்.

நிலத்தில் நன்கு வளர்ந்த செடிக்குத்தான் இந்த அளவு. முதலாண்டுக் கன்றுக்கும் தொட்டிச் செடிக்கும் இதை இட்டால் வேர் கருகிவிடும். தொட்டிக்கு மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்த கரைசலும் போதும். யூரியாவை மட்டும் வாங்கிப் போடும் பழக்கத்தை விட வேண்டும். அதனால் இலைதான் கொழுக்கும். பூச்சியும் அந்த இலைக்குத்தான் வரும்.

நாலைந்து செடி வைத்திருப்போர் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாமல் பாதியை நவம்பர் கடைசியிலும் மீதியை இரண்டு வாரம் கழித்தும் வெட்டினால், எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் பூத்து ஒரே சமயத்தில் ஓய்வதைத் தவிர்க்கலாம்.

மார்கழி, தை

வெட்டிய செடி இம்மாதங்களில் மெல்லத் துளிர்க்கும். பனிக்காலமாதலால் தண்ணீர் தேவை குறைவு. மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். களையை மட்டும் அண்டவிடக் கூடாது.

இதே காலத்தில் மற்ற மல்லிகை இனங்களுக்குக் கவாத்து வருகிறது. பிச்சி என்னும் சாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். இரண்டையும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டலாம். மூன்றையும் ஒரே நாளில் வெட்டுவது தவறு. ஒவ்வொன்றுக்கும் ஓய்வுக் காலம் வேறு.

மாசி, பங்குனி

மாசிக் கடைசியில் முதல் மொட்டுகள் தோன்றும். பங்குனியில் பூ கூடும். மொட்டு வைக்கத் தொடங்கும் முன் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் துத்தநாக சல்பேட் 2.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 5 கிராம் என்ற அளவில் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் பூ எண்ணிக்கை கூடும். மொட்டுக் காலத்தில் செடி ஒரு நாளும் வாடக் கூடாது. வாடினால் மொட்டு பருக்காமல் உதிரும்.

சித்திரை, வைகாசி

மதுரையில் சித்திரைத் திருவிழாக் கூட்டமும் மல்லிகைப் பூவின் உச்சமும் ஒரே சமயத்தில் வருகின்றன. மல்லிகைக்கு வெயில் பிடிக்கும். அக்கினி நட்சத்திரத்திலும் அது பூத்துக் கொண்டிருக்கும். ஆனால் வேருக்கு ஈரம் வேண்டும். தரையில் உள்ள செடிக்கு வாரம் இரண்டு முறை பாத்தி நிறையவும், தொட்டிச் செடிக்கு நாள்தோறும் காலையிலும் தண்ணீர் விட வேண்டும். நாள்தோறும் ஒரு குவளை தெளிப்பதைவிட வாரம் இரு முறை ஆழமாக நனைப்பதே நல்லது. மேலோட்டமாக ஊற்றினால் வேரும் மேலோட்டமாகவே பரவி, ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் செடி துவண்டுவிடும்.

செடியைச் சுற்றிக் காய்ந்த இலை, வைக்கோல், தென்னை நார்க் கழிவு ஆகியவற்றில் கிடைப்பதை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் காக்கும். அடித்தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடம் விட வேண்டும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும், பூத்து ஓய்ந்த நுனிகளை இரண்டு கணு கீழே கிள்ளிவிட்டால் அடுத்த சுற்று மொட்டு விரைவில் வரும். கார்த்திகைக் கவாத்துக்கு இது மாற்று அல்ல. இடைக்கால உதவி மட்டுமே.

ஆனி முதல் புரட்டாசி வரை

ஆனியில் இரண்டாம் தவணை உரத்தை இட்டு மண் அணைக்க வேண்டும். ஆடிக் காற்றில் ஈரம் வேகமாக உலரும். ஆடிக்குப் பிறகு குண்டுமல்லி குறையத் தொடங்கும்; பிச்சி அப்போதுதான் மிகுதியாகப் பூக்கத் தொடங்கிக் கார்த்திகை வரை வரும்.

புதுச் செடி உண்டாக்கவும் இதுவே பருவம். தரையோரமாக உள்ள, ஓராண்டு வளர்ந்த கிளையை வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே பட்டையை இலேசாகக் கீறி, நாலு அங்குல ஆழத்தில் மண்ணுக்குள் புதைத்து மேலே ஒரு கல் வைத்துவிடவும். நுனி வெளியே இருக்க வேண்டும். மூன்று, நான்கு மாதத்தில் வேர் பிடித்துவிடும். பிறகு தாய்ச் செடியிலிருந்து வெட்டி எடுத்து வேறிடத்தில் நடலாம். இதற்குப் பதியன் என்று பெயர். அண்டை வீட்டாருக்கு ஒரு செடி கொடுக்க இதைவிட எளிய முறை இல்லை.

ஐப்பசி: அடைமழை

மதுரை மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 85 செ.மீ. அதில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. கோடை முழுவதும் தப்பித்த செடி ஐப்பசியில் ஒரு வார மழையில் மடிவது நாம் காணும் காட்சி. மல்லிகை வறட்சியை ஓரளவு தாங்கும்; தேங்கிய நீரை இரண்டு நாள்கூடத் தாங்காது.

ஆகவே புரட்டாசிக் கடைசியிலேயே வட்டப் பாத்தியை உடைத்துவிட்டு, செடியின் அடியில் மண்ணைக் கூட்டி மேடாக்கி, தண்ணீர் வெளியேற ஒரு சிறு வாய்க்கால் எடுத்துவிட வேண்டும். மாடிக் குழாயிலிருந்து விழும் மழை நீர் செடியின் அடியில் விழக் கூடாது. கோடையில் பரப்பிய மூடாக்கை அகற்றிவிட வேண்டும். தொட்டிகளைச் செங்கல் மீது தூக்கி வைக்கலாம்.

மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடித் தொங்கினால், தாகம் என்று எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது வேரழுகல். அடித்தண்டைச் சுற்றி மண்ணை விலக்கிப் பார்த்தால் வெள்ளை நூல் போன்ற பூசணமும் கடுகு போன்ற உருண்டைகளும் தெரியும். உடனே தண்ணீரை நிறுத்தி, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து அடிமண் நனைய ஊற்ற வேண்டும். பாதிக்கு மேல் வாடிய செடியைக் காப்பாற்ற முடியாது. வேரோடு எடுத்து எரித்துவிட்டு, அந்தக் குழியில் உடனே மல்லிகை நடாமல் விட வேண்டும். ஆண்டுதோறும் எருவுடன் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத் தூளைக் கலந்து இட்டு வந்தால் இந்நோய் பெரும்பாலும் அண்டாது. ஆனால் தாமிர மருந்து ஊற்றிய கையோடு இதை இட்டால் பயனில்லை; மருந்து இதையும் கொன்றுவிடும்.

இலை மஞ்சளானால்

வாசகர்களில் பலருக்கு உள்ள குறை இதுவாகத்தான் இருக்கும். இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பும் காரமும் மிகுந்த மண்ணில் அது வேருக்குக் கிடைக்காத வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. மதுரை நகரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இது மிகுதி. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, அதில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். மாதம் ஒரு முறை, பச்சை திரும்பும் வரை தெளிக்கலாம். கரைத்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். வைத்திருந்தால் துருப்பிடித்தது போல் சிவந்து பயனற்றுப் போகும்.

இது தற்காலிக வைத்தியம்தான். நிரந்தரத் தீர்வு தண்ணீரில் இருக்கிறது. குடிநீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் செடிக்கு விடுவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதே. ஆனால் கிணற்று நீரில் உள்ள உப்பெல்லாம் திரண்டு வருவது அந்த நீரில்தான். அதைத் தரை கழுவப் பயன்படுத்தலாம், மல்லிகைக்கு வேண்டாம். துணி துவைத்த சோப்பு நீரும் ஆகாது. அரிசி, பருப்பு கழுவிய நீர் நல்லது. மழைக் காலத்தில் பிடித்து வைத்த நீரைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றினால் உப்பு கீழே கழுவப்பட்டுச் செடி தேறிவிடும்.

பூச்சிகள்

மொட்டுப்புழு மொட்டுகளை நூலால் பிணைத்துத் துளையிட்டு உண்ணும். மொட்டு ஈயின் புழு மொட்டின் அடியில் புகுந்துவிடும். அத்தகைய மொட்டு பருக்காமல் ஊதா நிறமாகிக் காய்ந்துவிடும். இரண்டுக்கும் முதல் மருந்து நம் கைதான். தாக்குண்ட மொட்டுகளை நாள்தோறும் பொறுக்கி எரிக்க வேண்டும். மொட்டு ஈ செடிக்கு அடியில் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருப்பதால், வாரம் ஒரு முறை மேல் மண்ணைக் கிளறி வெயில் படச் செய்தால் அது பெருகாது. பூவைப் பறிக்காமல் செடியிலேயே விட்டு ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வரும்போது பூச்சி பெருகியிருக்கும். பக்கத்து வீட்டாரையாவது பறித்துக் கொள்ளச் சொல்வது நல்லது.

மிஞ்சினால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்க வேண்டும். கோடையில் இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே வெளிறிய புள்ளிகளும் கண்டால் அது செஞ்சிலந்தி. குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சினாலே பாதி ஒழியும். மீதிக்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து வெயில் தாழ்ந்த பின் தெளிக்கவும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது தலையில் சூடும் பூ. குழந்தைகள் முகர்ந்து பார்க்கும் பூ. ஒரு காலத்தில் தயக்கமின்றித் தூவப்பட்ட பி.எச்.சி. தூள் 1997-ல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. நாலு செடி வைத்திருப்போர் வயல்களுக்கான கடும் நஞ்சுகளை வீட்டுக்குள் கொண்டு வரத் தேவையே இல்லை. வயலில் நூறு செடியைக் கையால் பொறுக்க ஆள் கிடைக்காது. வீட்டில் அந்தச் சிரமம் கிடையாது. எதைத் தெளித்தாலும் சில நாள்கள் அந்தச் செடியின் பூவைச் சூடாமல் விடுவது முறை.

உடன் வளர்க்கும் செடிகள்

மல்லிகை ஓய்வெடுக்கும் மாதங்களை மற்றப் பூக்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். கனகாம்பரம் ஆண்டில் பெரும்பகுதி பூக்கும். சிறிது நிழலையும் தாங்கும். டெல்லி கனகாம்பரம் விதை வைக்காது; குச்சி நட்டுத்தான் பெருக்க வேண்டும். இதன் வேரை நூற்புழு எளிதில் தாக்கும். பழைய செடியை எடுத்த இடத்தில் ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி வைத்து எடுத்தால் நூற்புழு குறையும்.

நந்தியாவட்டை, செம்பருத்தி இரண்டும் பராமரிப்புக் குறைவான செடிகள். நாள்தோறும் பூசைக்குப் பூ கிடைக்கும். பவழமல்லி மழைக் காலத்தில் இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். மல்லிகை இல்லாத நாள்களில் வாசலுக்கு மணம் அதுதான். அரளி வறட்சியைத் தாங்கும். உப்புத் தண்ணீரிலும் ஓரளவு வரும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு குழந்தைகளும் ஆடு மாடும் உள்ள வீடுகளில் கைக்கெட்டும் இடத்தில் அரளி வேண்டாம். வெட்டிய கிளைகளையும் மாடு மேயும் இடத்தில் போடக் கூடாது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.1 நட்சத்திர மல்லிகை ஆண்டு முழுவதும் பூக்கக் கூடியது. ஒரு செடியாவது வைத்துப் பார்க்கலாம்.

செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி அடையும். 2008-ல் தமிழ்நாட்டுக்குள் புகுந்த பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, செம்பருத்தி என்று ஒன்றையும் விடாமல் அழித்தது. மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து கொண்டு வந்து விடப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. நன்மை செய்யும் பூச்சிகளை மருந்தால் கொல்லாமல் விட்டாலே பாதிக் காவல் என்பதற்கு இது சான்று. மாவுப்பூச்சி கண்ட நுனிகளை வெட்டி எரித்து, எஞ்சியதைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டால் வீட்டுச் செடிக்கு அதுவே போதும்.

பறிப்பு

குண்டுமல்லியை நன்கு பருத்து வெளுத்த, ஆனால் விரியாத மொட்டாக, சூரியன் ஏறுமுன் பறிக்க வேண்டும். அதுவே மாலையில் விரிந்து மணக்கும். வெயில் ஏறிய பின் பறித்தால் மொட்டு சுருங்கும். பச்சை நிறம் மாறாத மொட்டைப் பறித்தால் விரியாது. ஈரத் துணியில் பரப்பி நிழலில் வைத்துப் பிற்பகலில் கட்டலாம். ஈரம் சொட்டச் சொட்ட மூடி வைத்தால் பழுத்துவிடும்.

நினைவில் வைக்க வேண்டிய தேதிகள் மிகச் சில. புரட்டாசிக் கடைசியில் வடிகால், நவம்பர் கடைசியில் குண்டுமல்லிக் கவாத்தும் முதல் உரமும், டிசம்பர் கடைசியில் பிச்சி, ஜனவரி கடைசியில் முல்லை, மாசியில் நுண்ணூட்டத் தெளிப்பு, ஜூனில் இரண்டாம் உரம். சமையற்கட்டுக் காலண்டரில் இந்த ஆறையும் குறித்து வைத்தால் மறக்காது.

மண்ணில் உப்போ காரமோ மிகுந்திருக்கிறதா என்ற ஐயம் உள்ளவர்கள் ஒரு பையில் அரைக் கிலோ தோட்ட மண்ணும் ஒரு புட்டியில் கிணற்று நீரும் எடுத்துச் சென்று பரிசோதனை செய்து கொள்வது நல்லது. ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கி வரும் வேளாண்மைக் கல்லூரியையும், தத்தம் வட்டாரத் தோட்டக்கலை அலுவலர்களையும் இது குறித்து அணுகலாம். முடிவைக் கையில் வைத்துக் கொண்டு உரம் வாங்கினால் வீண் செலவு மிச்சமாகும். இந்தக் கார்த்திகையில் தயங்காமல் கத்தரியை எடுங்கள். பங்குனியில் செடி பதில் சொல்லும்.